பிசிஜி தழும்பு இருந்தால் டிபி டெஸ்ட் குழம்புவது ஏன்? மரபணுவும் புரதமும் சேர்ந்து சொன்ன விடை

சிதம்பரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர். அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சளியைச் சோதித்ததில் நுரையீரல் காசநோய் உறுதியாகிவிட்டது. மருந்தும் தொடங்கியாயிற்று. இனி கேள்வி மற்ற நான்கு பேரைப் பற்றியது.

அவர்களுக்கு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, எடையும் குறையவில்லை. ஆனால் ஒரே கூரையின் கீழ் மாதக்கணக்கில் அதே காற்றைச் சுவாசித்தவர்கள். கிருமி அவர்கள் உடம்புக்குள் போய்ப் பதுங்கியிருக்கிறதா, இல்லையா?

கேட்க எளிமையான கேள்விதான். ஆனால் இதற்கு ஓரளவு தெளிவான பதில் சொல்ல மருத்துவத்துக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. கிருமியின் மரபணுவை மட்டும் படித்தோ, அதன் புரதத்தை மட்டும் பிரித்தோ அந்தப் பதில் கிடைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் கிடைத்தது.

இது ஏன் நமக்கு முக்கியம்?

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023-இல் உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோய்க்கு ஆளானார்கள். அவர்களில் ஏறக்குறைய 26 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். அந்த ஓராண்டில் உலகில் இறந்தவர்கள் சுமார் 12.5 லட்சம் பேர்.

இவை நோய் வந்தவர்களின் கணக்கு. நோய் வராமல் கிருமியை மட்டும் சுமப்பவர்கள் இதைவிடப் பல மடங்கு அதிகம். 2019-21 தேசிய காசநோய் பரவல் ஆய்வின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்குள் இந்தத் தொற்று இருக்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் ஆகாது. 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் என்றாவது ஒருநாள் அது நோயாக மாறும். அந்த 5 பேர் யார் என்று முன்கூட்டியே தெரிந்தால் மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடலாம். அதற்கு முதலில், கிருமி உள்ளே இருக்கிறதா என்று நம்பகமாகச் சொல்லும் டெஸ்ட் வேண்டும்.

பழைய ஊசி எங்கே தடுமாறியது?

மாண்டூ டெஸ்ட் பலருக்கும் தெரிந்ததுதான். முன்கையில் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி. இரண்டு மூன்று நாள் கழித்து அந்த இடம் தடித்திருக்கிறதா என்று ஸ்கேல் வைத்து அளப்பார்கள்.

காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாக ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று அறிவித்தார். 1890-இல் அதே கிருமியை வளர்த்து, வடித்து எடுத்த சாற்றை 'டியூபர்குலின்' என்ற பெயரில் மருந்தாக முன்வைத்தார். மருந்தாக அது தோற்றது. ஆனால் கிருமியை ஏற்கெனவே சந்தித்த உடம்பில் அந்தச் சாறு தோலைத் தடிக்க வைத்தது. அதனால் சோதனையாக நிலைத்துவிட்டது. பின்னாளில் சுத்திகரித்துப் பயன்படுத்தினாலும் அடிப்படையில் அது கிருமியின் பல புரதங்கள் கலந்த ஒரு கதம்பம்தான்.

சிக்கலும் அங்கேதான். நம்மில் பெரும்பாலோருக்குப் பிறந்தவுடன் இடது தோளில் பிசிஜி போட்டிருக்கிறார்கள், தழும்பு இன்றும் இருக்கும். பிசிஜி என்பது மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை ஆய்வகத்தில் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, வீரியம் குறைத்து உருவாக்கியது. மாட்டுக் கிருமியும் மனிதக் கிருமியும் பங்காளிகள் மாதிரி. கதம்பத்தில் இருக்கிற பெரும்பாலான புரதங்கள் இரண்டிலும் உண்டு. போதாததற்கு, நம் ஊர் மண்ணிலும் நீரிலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த, பெரும்பாலும் தொந்தரவு தராத கிருமிகளும் வாழ்கின்றன. ஆக, கை தடித்தால் உள்ளே இருப்பது காசநோய்க் கிருமியா, சின்ன வயதில் போட்ட பிசிஜியின் நினைவா, மண் கிருமியின் பழக்கமா? மாண்டூவால் உறுதியாகச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு கசப்பான அனுபவமும் உண்டு. 1968 முதல் 1971 வரை செங்கல்பட்டு மாவட்டத்தில் 2,81,161 பேருக்கு பிசிஜியோ, மருந்தில்லாத ஊசியோ போட்டு ஒரு மாபெரும் ஆய்வு நடந்தது. 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தும், பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுத்ததாகத் தெரியவில்லை. அதற்காக பிசிஜி வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோய், உடம்பு முழுக்கப் பரவும் காசநோய் ஆகியவற்றிலிருந்து அது காப்பாற்றுகிறது. பச்சைக் குழந்தைக்கு அவசியம் போட வேண்டும். ஆனால் பெரியவர்களைக் காக்க, கிருமியை இன்னும் நெருக்கமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அந்த ஆய்வில் புரிந்தது.

மரபணு, புரதம்: ரெண்டும் ஒண்ணு இல்லையா?

இல்லை. மரபணு என்பது எழுதிவைத்த செய்முறை. புரதம் என்பது அந்தச் செய்முறைப்படி உண்மையில் செய்யப்பட்ட பொருள். கிருமியின் செல்லுக்குள் எல்லா வேலையும் பார்ப்பது, நம் நோய் எதிர்ப்பு சக்தி அடையாளம் காண்பது, பல மருந்துகள் போய்த் தாக்குவது எல்லாமே பெரும்பாலும் புரதத்தைத்தான்.

இதைப் புரிந்துகொள்ள கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு மரபுக் கதை இருக்கிறது. ராஜராஜ சோழன் காலத்தில், தில்லைக் கோயிலில் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்டார் என்பார்கள். பலவற்றைக் கரையான் அரித்திருந்தது. மிஞ்சிய ஏட்டில் எழுத்து இருந்தது. எந்தப் பாட்டை எந்தப் பண்ணில் பாடுவது என்பது ஏட்டை வைத்துத் தெரியவில்லை. அதற்காகத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்த எருக்கத்தம்புலியூருக்குப் போய், அவர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு பண் அமைத்தார்களாம். அந்த ஊர்தான் விருத்தாசலம் பக்கத்தில் இருக்கும் இன்றைய ராஜேந்திரபட்டினம்.

ஏடு மட்டும் இருந்தால் பாட முடியாது. பாட்டு மட்டும் காதில் விழுந்தால் எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. மரபணு ஏடு என்றால் புரதம் பாட்டு. இரண்டையும் ஒப்பிட்டுப் படிக்கும் துறைக்கு 'புரோட்டியோஜீனோமிக்ஸ்' என்று பெயர்.

இன்னொரு விஷயம். ஏட்டில் இருக்கும் எல்லாப் பாட்டையும் ஒரே நேரத்தில் யாரும் பாடுவதில்லை. காசநோய்க் கிருமியிடம் சுமார் 4,000 மரபணுக்கள் உண்டு. நுரையீரலில் பிராணவாயு குறையும்போது, 'டாஸ்ஆர்' என்ற கட்டுப்பாட்டுப் புரதம் ஏறக்குறைய 48 மரபணுக்களைத் தட்டி எழுப்புகிறது. கிருமி உறக்க நிலைக்குத் தயாராக அவை உதவுகின்றன. மரபணுப் பட்டியலில் அந்த 48-ம் எப்போதும் இருக்கும். இப்போது எது வேலை செய்கிறது என்பது புரதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

ஏட்டைப் படிப்பதில் என்ன சிரமம்?

1998 ஜூனில் பிரிட்டனின் சாங்கர் மையமும் பிரான்ஸின் பாஸ்டர் நிறுவனமும் சேர்ந்து காசநோய்க் கிருமியின் முழு மரபணுத் தொகுதியை வெளியிட்டன. மொத்தம் 44,11,529 எழுத்துகள். ஆனால் எழுத்து கிடைத்தால் போதுமா? அதில் எது மரபணு, எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது?

பழைய ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, பெரும்பாலும் புள்ளியும் இருக்காது. 'பலகைகள்' என்று சேர்ந்திருப்பதைப் பலகைகள் என்றும் படிக்கலாம், பல கைகள் என்றும் பிரிக்கலாம். மரபணுவிலும் இதே கதைதான். மூன்று மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஓரெழுத்து தள்ளித் தொடங்கினால் முழுப் பொருளும் மாறிவிடும். இப்படி மூன்று விதமாகத் தொடங்கலாம். டிஎன்ஏ இரட்டை இழை என்பதால் எதிர்த்திசையிலிருந்தும் மூன்று விதமாகப் படிக்கலாம். ஆக மொத்தம் ஆறு வாசிப்புகள்.

கம்ப்யூட்டர் இதில் சாத்தியமானதை ஊகிக்கும். ஆனால் மிகச் சிறிய மரபணுக்களைத் தற்செயலான எழுத்துக் கூட்டம் என்று நினைத்துத் தள்ளிவிடும். தொடக்க இடத்தையும் சில நேரம் தவறாகக் குறிக்கும். அதனால்தான் 2002-இல் அதே எழுத்துகளை மறுபடி படித்தபோது பட்டியலில் 82 மரபணுக்கள் கூடுதலாகச் சேர்ந்தன.

பாட்டை எப்படிக் கேட்கிறார்கள்?

கிருமியை வளர்த்து, உடைத்து, புரதங்களை எடுக்கிறார்கள். டிரிப்சின் என்ற நொதி ஒவ்வொரு புரதத்தையும் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வெட்டிச் சின்னத் துண்டுகளாக்கும். நம் கணையத்தில் சுரந்து சாப்பாட்டைச் செரிக்க வைக்கும் அதே வகை நொதிதான் இது. அந்தத் துண்டுகளை 'மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்' என்ற கருவிக்குள் அனுப்பினால், ஒவ்வொன்றின் எடையையும் மிக நுட்பமாக அளந்துவிடும். பிறகு துண்டை மேலும் சிதறடித்து, சிதறல்களின் எடையையும் அளக்கும். அதிலிருந்து அமினோ அமிலங்களின் வரிசை தெரிந்துவிடுகிறது.

வழக்கமான முறையில், இந்த வரிசையை ஏற்கெனவே தெரிந்த புரதப் பட்டியலோடு மட்டும் ஒப்பிடுவார்கள். பட்டியலில் இல்லாதது கண்ணில் படாது. புரோட்டியோஜீனோமிக்ஸ் இன்னும் ஒரு படி போகிறது. 44 லட்சம் எழுத்துகளையும் ஆறு விதமாகவும் படித்து, கிடைக்கும் எல்லா வரிகளோடும் ஒப்பிடுகிறது. 'இங்கே மரபணு இல்லை' என்று விட்டுவிட்ட இடத்தில் ஒரு புரதத் துண்டு பொருந்தினால், அங்கே மரபணு இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த வேலையைக் காசநோய்க் கிருமிக்குப் பெரிய அளவில் செய்து காட்டியவர்கள் பெங்களூரு இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் நிறுவனத்தின் அகிலேஷ் பாண்டே குழுவினரும், டெல்லியில் உள்ள ஐஜிஐபி ஆய்வாளர்களும். 2011-இல் வெளியான அந்த ஆய்வில் 3,176 புரதங்கள் கண்ணால் பார்த்த மாதிரி உறுதியாயின. எதிர்பார்க்கப்பட்ட மொத்தத்தில் இது சுமார் 80 சதவீதம். கூடவே, எந்தப் பட்டியலிலும் இல்லாத 41 புதிய மரபணுக்கள் கிடைத்தன. 79 மரபணுக்களின் வரையறை திருத்தப்பட்டது. உலகம் 13 ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருந்த ஏட்டில் இத்தனை விடுபட்டிருந்தது என்றால் யோசித்துப் பாருங்கள்.

அந்த நான்கு பேருக்கு இதனால் என்ன?

இப்போது சிதம்பரம் வீட்டுக் கேள்விக்கு வருவோம். புரோட்டியோஜீனோமிக்ஸ் என்ற பெயர் புழக்கத்துக்கு வருமுன்பே, அதே வழியில் ஒரு துப்பு துலங்கியிருந்தது.

1995-இல் டென்மார்க் விஞ்ஞானிகள், கிருமியை வளர்த்த திரவத்தில் ஒரு சின்னப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பெயர் 'ஈசாட்-6'. வெறும் 95 அமினோ அமிலங்கள் கொண்டது. உருவம்தான் சின்னது, நோய் எதிர்ப்பு செல்களை அது பலமாக உசுப்பியது. அடுத்த ஆண்டே இன்னொரு பக்கம், பிசிஜியின் டிஎன்ஏவை நோய் தரும் கிருமியின் டிஎன்ஏவோடு ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வாளர்கள், பிசிஜியில் ஒரு துண்டு அப்படியே காணாமல் போயிருப்பதைக் கண்டார்கள். சுமார் 9,500 எழுத்துகள் கொண்ட அந்தப் பகுதிக்கு 'ஆர்டி1' என்று பெயர் வைத்தார்கள்.

ஈசாட்-6 புரதத்துக்கான மரபணு எங்கே இருந்தது தெரியுமா? சரியாக அந்த ஆர்டி1 பகுதிக்குள். அதன் ஜோடிப் புரதமான 'சிஎஃப்பி-10' மரபணுவும் அங்கேயே பக்கத்தில் இருந்தது.

அதாவது இந்த இரண்டு புரதங்களும் நோய் தரும் கிருமியிடம் உண்டு, எந்த பிசிஜி ஊசியிலும் இல்லை. மண் கிருமிகளிலும் ஒருசிலவற்றைத் தவிர மற்றவற்றில் இல்லை. கதம்பத்துக்குப் பதில் இந்த இரண்டை மட்டும் ஊசியில் வைத்தால்? பிசிஜி போட்டவர் கையும் வீணாகத் தடிக்காது.

அப்படி உருவானதுதான் 'சை-டிபி' தோல் பரிசோதனை. டென்மார்க்கில் உருவாகி, இப்போது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கிறது. இந்தியாவில் 2022-இல் அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனமும் இந்த வகைப் பரிசோதனைகளைப் பரிந்துரைத்தது. போடுவது மாண்டூ மாதிரியேதான். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் பார்க்கும்போது 5 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் தொற்று உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். ரத்தத்தில் செய்யும் 'இக்ரா' பரிசோதனையும் இதே இரண்டு புரதங்களை வைத்துத்தான் வேலை செய்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. தொற்று இருக்கிறதா என்று மட்டும்தான் இது சொல்லும். நோயாக மாறிவிட்டதா என்று சொல்லாது. அதற்கு அறிகுறி விசாரணை, எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் வேண்டும்.

மரபணு டெஸ்ட் மட்டும் போதாதா?

சளியில் செய்யும் சி.பி.நாட், ட்ரூநாட் ஆகியவை மரபணுப் பரிசோதனைகள். சி.பி.நாட் சுமார் 2 மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று சொல்வதோடு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு அது அடங்குமா என்றும் சொல்லிவிடும். 'ஆர்பிஓபி' என்ற மரபணுவில் 81 எழுத்துகள் கொண்ட ஒரு பகுதியில் மாற்றம் இருக்கிறதா என்று அது பார்க்கிறது. அங்கே எழுத்து மாறினால், ரிஃபாம்பிசின் போய் ஒட்ட வேண்டிய புரதத்தின் வடிவம் மாறி, மருந்து ஒட்டாமல் நழுவிவிடும். மரபணுவுக்கும் புரதத்துக்கும் உள்ள உறவு நன்றாகத் தெரிந்ததால்தான் இந்த டெஸ்ட் சாத்தியமானது.

ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவும் சளியில் கொஞ்ச நாள் இருக்கும். அதனால்தான் சிகிச்சை பலிக்கிறதா என்று பார்க்க இந்த டெஸ்ட்டைத் திரும்பச் செய்வதில்லை. மைக்ராஸ்கோப்பிலோ, கிருமியை வளர்த்தோதான் பார்க்கிறார்கள். ஏடு கிடைத்தது என்பதால் பாடுகிறவர் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தமில்லை.

நம்ம ஊர் கிருமி, வேறு பதிப்பு

உலக ஆய்வகங்கள் மாதிரியாக வைத்திருக்கும் கிருமி ஹெச்37ஆர்வி. 1905-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியிடம் எடுத்த கிருமியிலிருந்து வந்தது. 1998-இல் படித்ததும் பெங்களூருக் குழு படித்ததும் இதைத்தான். ஆனால் தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படுவது வேறு கிளை. 'லீனியேஜ் 1' என்று அழைக்கப்படும் பழங்கிளை.

இந்த வித்தியாசத்தை மரபணு தெரியாத காலத்திலேயே சென்னையில் மோப்பம் பிடித்திருந்தார்கள். 1956-இல் தொடங்கிய சென்னை காசநோய் சிகிச்சை மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே கிடைத்த கிருமிகள் கினிப்பன்றிகளில் பிரிட்டிஷ் கிருமிகளைவிட வீரியம் குறைந்து காணப்பட்டதை 1960 வாக்கில் டெனிஸ் மிச்சிசன் குழு பதிவு செய்தது. அந்தக் கிருமிகளில் பல, ஹைட்ரஜன் பெராக்சைடைத் தாங்க முடியாமல் எளிதில் செத்தன.

காரணத்தின் ஒரு பகுதி 2020-இல் வெளியான ஓர் ஆய்வில் தெரிந்தது. 'டிபிடி1' என்ற மரபணுத் துண்டு நம் பழங்கிளையில் அப்படியே இருக்கிறது. உலகம் முழுக்கப் பரவிய நவீனக் கிளைகள் அதை இழந்துவிட்டன. இழந்த கிருமிகளே பெராக்சைடு போன்ற தாக்குதலையும், பிராணவாயுக் குறைவையும் கூடுதலாகத் தாங்குகின்றன.

ஹெச்37ஆர்வியின் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு நோயாளியின் கிருமிப் புரதங்களைத் தேடினால், டிபிடி1 பகுதியின் புரதங்கள் கண்ணுக்கே தெரியாது. அந்த ஏட்டில் அந்த வரியே இல்லையே! பழைய நூலைப் பதிப்பிப்பவர்கள் ஊர் ஊராகச் சுவடி தேடிப் பாடபேதம் பார்ப்பார்கள் இல்லையா, அதே மாதிரி இங்கே கிடைக்கும் கிருமிக்கு அதன் மரபணுவையும் அதன் புரதத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியக் கிருமிகளின் மரபணுவைத் தொகுக்க மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை 2022-இல் ஒரு தேசியத் திட்டம் தொடங்கியிருக்கிறது. ஏடு சேர்கிறது, நல்ல விஷயம். அதே கவனம் புரதத்துக்கும் வேண்டும். பெரியவர்களுக்கான அடுத்த தடுப்பூசிகளில் முன்னணியில் இருக்கும் 'எம்72', கிருமியின் இரண்டு புரதங்களை இணைத்துச் செய்ததுதான். 2024-இல் அதன் மூன்றாம் கட்டச் சோதனை தென்னாப்பிரிக்காவில் தொடங்கியது. இங்கே உலவும் கிருமி எந்தப் புரதத்தை, எப்போது, எவ்வளவு செய்கிறது என்று தெரிந்தால்தான் இந்த மாதிரி ஊசி இங்கே எடுபடுமா என்று சொல்ல முடியும்.

வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால் என்ன செய்யலாம்?

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை: இதில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை. அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

• அறிகுறி இல்லாத மற்றவர்களும் பரிசோதனைக்குப் போக வேண்டும். 'எனக்கு ஒண்ணும் இல்லையே' என்று விட்டுவிடக் கூடாது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நோய் இல்லை என்று உறுதியானால், தொற்றுப் பரிசோதனைக்குக் காத்திருக்காமலே தடுப்பு மருந்து கொடுப்பார்கள்.

• 'பிசிஜி போட்டாச்சு, அதனால டெஸ்ட் தப்பாத்தான் வரும்' என்று தட்டிக் கழிக்க வேண்டாம். சை-டிபி அல்லது இக்ரா கிடைக்குமா என்று கேளுங்கள்.

• நோய் இல்லை, தொற்று மட்டும் என்றால் தடுப்பு சிகிச்சை உண்டு. ஒரு முறையில் தினமும் ஒரு வேளை என்று 6 மாதம், இன்னொன்றில் வாரம் ஒரு முறை என்று 12 வாரம். எது பொருந்தும் என்பதை மருத்துவர் சொல்வார். பாதியில் நிறுத்தக் கூடாது.

• நோய் உறுதியானவருக்குச் சத்துணவுக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். பதிவு செய்யும்போதே வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துவிடுங்கள்.